கண்ணாடிய இறக்கினேன், அவ்வளவுதான்

ஏசி போடறேன் சார். ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க. முதல்ல காத்த மட்டும் ஓட விடணும், அப்புறந்தான் குளிரு. மெக்கானிக் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்காரு. அதே மாதிரி வத்தலக்குண்டு வர்றதுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி குளிர அணைச்சிட்டு, மறுபடி காத்த மட்டும் விடுவேன். உள்ள ஈரம் தங்கக் கூடாது. என்னடா இவன் ஊர் வர்றதுக்குள்ள அணைச்சிட்டானேன்னு நீங்க நினைக்கக் கூடாதுல்ல, அதான் இப்பவே சொல்லிடறேன்.

இந்தா, போட்டாச்சு. வாடை எதுவும் வருதா சார்? உண்மையச் சொல்லுங்க. சில பேரு வாயத் திறக்க மாட்டாங்க, முகத்த மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க. அப்படி வேணாம். வந்தா வருதுன்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

பூ வாசமா? அது இந்த முருகன் படத்துக்குப் போட்டிருக்கிறது. மல்லி, வீட்டுல கட்டுனது. ரெண்டு முழம் இருக்கு, வாசம் வரத்தான் செய்யும். நான் அதக் கேக்கல. வேற வாடை ஏதும் வருதான்னு கேட்டேன்.

இல்லையா. சரி.

கேக்குறதுக்குக் காரணம் இருக்கு. இந்த வண்டியில நாலு மாசம் வாடை இருந்துச்சு சார். சித்திரையிலேருந்து ஆடி வரைக்கும். ஏசியிலேருந்து வந்த வாடை. அது ஏசியிலேருந்துதான் வருதுன்னு எனக்குத் தெரிஞ்சது ஆடி பாதியில. அதுக்குள்ள என்னென்னமோ ஆகிப் போச்சு.

எம் பேரு சௌந்தரபாண்டி. திண்டுக்கல் ஸ்டாண்டுல சௌந்தரம்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. இருபத்தெட்டு வருசமா ஸ்டியரிங் பிடிக்கிறேன், இது என் சொந்த வண்டி, அஞ்சு வருசமாச்சு. காலையில துடைக்காம இத வெளிய எடுத்ததில்ல. வண்டிக்குள்ள நான் டீ கூடக் குடிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை மீன் வாங்கணும்னா பஸ்ஸுல போய் வாங்கிட்டு வருவேன். சிரிக்காதீங்க சார், நெசமாத்தான். வண்டியில ஏறுறவங்க மூக்கச் சுளிக்கக் கூடாது, எனக்கு அது ஒண்ணுதான் வைராக்கியம்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முருகனுக்குப் பூ மாத்துவேன். பழைய பூவ என்ன பண்றதுன்னு ஒரு சங்கடம் இருக்கு பாருங்க. சாமிக்குப் போட்ட பூ, குப்பையில போட முடியாது, கால்ல மிதிபடக் கூடாது. அதனால முன் கண்ணாடிக்கு வெளிய, வைப்பர் கிடக்குல்ல, அதுக்குக் கீழ சொருகி விட்டுருவேன். வண்டி ஓட ஓட காத்துல பறந்து எங்கயாவது நல்ல இடத்துல விழுந்துக்கிரும்னு ஒரு கணக்கு. எங்க ஸ்டாண்டுல எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.

ரோட்டுல விழுந்தா மிதிபடாதாங்கறீங்களா? அத யோசிச்சதில்ல சார். இப்ப நீங்க கேட்டுத்தான் யோசிக்கிறேன்.

பூ கட்டுறது எங்க வீட்டுல. பவுனு. பவுன்தாய்னு பேரு. நாங்க சின்னாளபட்டி. அங்க தறி ஜாஸ்தி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தறிக்காரங்களுக்கு இவ வீட்டுல உக்காந்து நூல் சுத்திக் கொடுப்பா. சுத்துனது போக துண்டு துண்டா மிச்சம் விழும்ல, அந்த நூல்லதான் பூ கட்டுவா. வாழைநார் வாங்குறதில்ல. ஒரு மாசம் தறிக்காரன் பச்சை நூல் கொடுத்தா முருகனுக்குப் பச்சை நூல்ல பூ. மஞ்சள் கொடுத்தா மஞ்சள். பளபளன்னு இருக்கும், இழுத்தா அறுகாது.

சித்திரையில அவ தம்பி மகளுக்குக் கல்யாணம். அதுக்குப் புதுச் செருப்பு வாங்கினா. அது கடிச்சிருச்சு. சுண்டு விரலுக்குப் பக்கத்துல இத்துணூண்டு. சக்கரை உள்ள உடம்பு, ஆறல. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில காட்டினோம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கட்டு மாத்திக்கணும், விடக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கென்ன, வண்டி இருக்கு. காலையில ஸ்டாண்டுக்கு வரும்போது கூட்டியாந்து விட்டுட்டு, கட்டு முடிஞ்சதும் திரும்பக் கொண்டு போய் விடுவேன். பதினஞ்சு நிமிஷம்.

முன் சீட்டுலதான் உக்காருவா. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அங்கதான். ஏறினதும் இந்த ஏசிய மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சுக்குவா. அது அவளுக்கு உசுரு. எங்க வீடு மேல சிமெண்டு ஷீட்டு சார், சித்திரையில உள்ள உக்காந்து நூல் சுத்துனா வெந்து போயிருவோம். ஆஸ்பத்திரி வாசல் வந்தா, "ஏங்க, இன்னொரு சுத்து சுத்திட்டு வந்து இறங்கட்டுமா"ன்னு கேப்பா. விளையாட்டுக்குத்தான். நான் ஒரு தடவ கூடச் சுத்தல. சவாரி நேரம்ல.

இப்படிப் போய்க்கிட்டு இருக்கும்போது ஒருநாள் குருநாதன் சார் ஏறினாரு. அவரு பத்திரம் எழுதுறவரு, மாசத்துல ரெண்டு மூணு தடவ மதுரைக்குப் போவாரு, வேற யாரு வண்டியிலயும் ஏற மாட்டாரு. ஏறி, கண்ணாடிய ஏத்தி, ஏசியப் போட்டேன். அஞ்சு நிமிஷத்துல, "என்ன சௌந்தரம், எலி கிலி செத்துக் கிடக்கா"ன்னு கேட்டாரு.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. என் வண்டியில இப்படி ஒருத்தரு கேட்டதே இல்ல. மோந்து பாத்தா ஆமா, வாடை. ஈரத் துணிய மூட்டையில கட்டி வச்ச மாதிரி ஒரு வாடை, அதுக்குள்ள ஏதோ அழுகுன மாதிரி. அவர மதுரையில இறக்கி விட்டுட்டு ஓரங்கட்டி வண்டியப் பூரா தேடினேன். சீட்டுக்கடியில, டிக்கியில, மிதியடிக்குக் கீழ. எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அப்புறந்தான் சார் எனக்கு உறைச்சது. அன்னிக்குக் காலையில பவுனு இந்த சீட்டுல உக்காந்து வந்திருக்கா. புண்ணோட.

முன் சீட்டுல மூஞ்சிய வச்சு மோந்து பாத்தேன். வந்த மாதிரிதான் இருந்துச்சு. அப்படி மோந்து பாத்தா எதுலயும் வரத்தான் செய்யும்னு இப்பத் தெரியுது.

அடுத்த கட்டுக்குப் போற அன்னிக்கு அவ வழக்கம் போல முன்கதவத் திறந்தா. நான் ஒரு வார்த்தை சொல்லல சார். இத நீங்க நல்லா மனசுல வச்சுக்கணும், ஏன்னா அவ தம்பி நான் என்னமோ பேசிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். பின்னாடி உக்காரு, கால நீட்டிக்கலாம்னேன். அதுல என்ன தப்பு, புண்ணு கால நீட்டி வச்சாத்தானே நல்லது? ஏசிய அணைச்சேன். நாலு கண்ணாடியையும் இறக்கினேன். அவ்வளவுதான்.

"ஏசி ரிப்பேரா"ன்னு கேட்டா. காத்து வரட்டும்னேன்.

கொஞ்ச தூரம் வந்துருப்போம். கண்ணாடியில பாக்குறேன், பின்னாடி வர்ற வண்டியப் பாக்குறதுக்காகத்தான் பாத்தேன், அவ குனிஞ்சு சேலைய விலக்கிக் கால மூஞ்சிக்குப் பக்கத்துல தூக்கிப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கால இறக்கி வச்சுட்டு வெளிய பாத்துக்கிட்டு வந்தா. அதுக்கப்புறம் ஏசியப் பத்திக் கேக்கவே இல்ல.

நாலு கண்ணாடியும் திறந்திருந்தா வாடை வராது, அது வாஸ்தவம். அப்ப எனக்கு என்ன தோணும் சொல்லுங்க. சரி, நாம நினைச்சதுதான்னு தோணுச்சு. அவள இறக்கி விட்டுட்டு சவாரிக்குக் கண்ணாடிய ஏத்தி ஏசியப் போட்டா வாடை. அப்ப அவ விட்டுட்டுப் போனதுன்னுதானே நினைப்பேன்? நினைச்சேன்.

என்ன செய்யாம விட்டேன்னு சொல்லுங்க. எலுமிச்சம்பழத்த வெட்டி வச்சேன். காப்பித்தூள் கட்டித் தொங்க விட்டேன். கற்பூரம் வச்சேன். சாம்பிராணி போட்டு அரைமணி நேரம் கதவச் சாத்தி வச்சேன். சென்ட் அடிச்சா அது இன்னும் மோசம், கல்யாண வீட்டுல சாக்கடை உடைஞ்ச மாதிரி ஆயிருச்சு. அவ கால் வைக்குற இடத்துல ஒரு பிளாஸ்டிக் தாள விரிச்சேன். அவ ஏறும்போது அதப் பாத்தா. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு அந்தத் தாள் மேல கால வச்சு உக்காந்தா. அதுக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லல.

குருநாதன் சார் இன்னும் ஒரு தடவ வந்தாரு. அதுக்கப்புறம் கூப்பிடல. இன்னொருத்தன் வண்டியில போறத நானே பாத்தேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்துட்டேன். என்னன்னு கேட்டா. ஒண்ணுமில்ல, குருநாதன் சார் இப்ப வர்றதில்லன்னு மட்டுந்தான் சொன்னேன். ஏன் வர்றதில்லன்னு அவ கேக்கல.

அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையா ரெண்டு முழம் கட்டிக் கொடுத்தா. அதுவரைக்கும் ஒரு முழந்தான். "ரெண்டா போடுங்க, வண்டி வாசமா இருக்கும்"னா. நெருக்கமாக் கட்டியிருந்தா, மஞ்சள் நூல். மறு வாரமும் ரெண்டு. அப்புறம் வெள்ளி மட்டும் இல்ல, செவ்வாய்க்கும் கட்டிக் கொடுத்தா. நான் வாங்கிப் போட்டேன். பழசக் கொண்டு போய் வழக்கம் போல வைப்பர் கீழ சொருகினேன்.

செம்பட்டி வந்துருச்சு சார். டீ ஏதும் குடிக்கணுமா? வேணாமா. சரி, போயிருவோம்.

அப்புறம் அவ இன்னொரு வேலை பண்ணினா. எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில சத்தம் போட்ட பிறகுதான் தெரியும். கட்டுக்கு மேல ஜவுளிக்கடைக் கவரப் போட்டு இறுக்கிக் கட்டி, அதுக்கு மேல துணியச் சுத்திக்கிட்டு வந்திருக்கா. வீட்டுலயே கட்டிக்கிட்டுத்தான் வண்டியில ஏறியிருக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கி அவுத்துருவாளாம். வர்ற வழிக்கு மட்டும். அன்னிக்கு அவுக்க மறந்துட்டா போல. கட்டுப் போடுற அம்மா என்னைக் கூப்பிட்டு, "காத்துப் போகாமக் கட்டி வச்சா புண்ணு வேகாதா, யாரு இவங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது"ன்னு திட்டுச்சு. நான் பவுனப் பாத்தேன். அவ தரையப் பாத்துக்கிட்டு இருந்தா. நான் யாரும் சொல்லிக் கொடுக்கலம்மான்னேன். உண்மைதானே சார், நான் சொல்லிக் கொடுக்கல.

வண்டிக்கு வந்ததும், எதுக்கு இப்படிப் பண்ணினன்னு கேட்டேன். "இனிமே பண்ணல"ன்னா.

அதுக்கு மறு வாரம், "நான் பஸ்ஸுலயே போய்க்கிறேங்க, காலை நேரத்துல உங்களுக்குச் சவாரி கெடுது"ன்னா. நான் சரின்னேன். வேணாம்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம். அவ என் சவாரிக்காகத்தான் சொல்றான்னு நினைச்சேன். இன்னொண்ணும் சொல்லிடறேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அவ அப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சு சார். வாடை தீந்துருச்சுன்னு நினைச்சு அன்னிக்கே வண்டிய உள்ளயும் வெளியயும் கழுவி வெயில்ல திறந்து போட்டேன்.

தீரல. ஏசியப் போட்டா அப்படியேதான் இருந்துச்சு. மெத்தையில ஊறியிருக்கும், போகப் போகச் சரியாகும்னு விட்டுட்டேன். சாயங்காலம் போய், கட்டு மாத்துனியான்னு கேப்பேன். மாத்திட்டேம்பா. ஒவ்வொரு தடவையும் கேட்டேன் சார், கேக்காம இல்ல. அவளும் ஒவ்வொரு தடவையும் மாத்திட்டேன்னுதான் சொன்னா. காலப் பாக்கலையான்னு அவ தம்பி கேக்குறான். பாத்தேன். வெள்ளையாத் துணி சுத்தியிருந்துச்சு. அது அவளே வீட்டுல சுத்துனதுன்னு நான் எப்படிக் கண்டேன்?

மொத்தம் ரெண்டு தடவதான் பஸ்ஸுல போயிருக்கா. ரெண்டாவது தடவ அவ பக்கத்துல உக்காந்த பொம்பள எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருச்சாம். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சவங்க யாராவது முன்னாடி இருந்துருப்பாங்க, இல்ல வெயில் அடிச்சிருக்கும். இவ அதப் பாத்துட்டு அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துட்டா. அதோட நிறுத்திட்டா. இதெல்லாம் அவ பின்னாடி நர்சுகிட்டச் சொல்லி, நர்சு எங்கிட்டச் சொன்னது. எங்கிட்ட அவ சொல்லல.

ஆடி பொறந்து நாலஞ்சு நாள்ல காய்ச்சல் வந்துச்சு. ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், நூல் ராட்டைக்கு முன்னாடி சாஞ்சு கிடக்கா, கூப்பிட்டா முனகுறா. தூக்கி வண்டியில போட்டுக் கொண்டு போனேன். கண்ணாடிய இறக்கினேனா ஏத்தினேனா, அது ஞாபகம் இல்ல. போனதும் பாத்துட்டு, உசுரு வேணும்னா கால எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. ஒரு தாளக் கொடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன். முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. வலது கால்.

எனக்கு அழுகை வரல சார். வரும் வரும்னு வராந்தாவுல உக்காந்திருந்தேன். அவ தம்பி அழுதான். நான் போய் அவனுக்கு டீ வாங்கிட்டு வந்து கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில இருபது நாளைக்கு மேல இருந்தா. நான் பகல்ல வண்டி ஓட்டிட்டு, நடுவுல நடுவுல போய்ப் பாத்துட்டு வருவேன். பேசுவா. சாப்பிட்டீங்களாம்பா. சவாரி வந்துச்சாம்பா. கால் இருந்த இடத்துல போர்வை தட்டையா கிடக்கும், நான் அந்தப் பக்கம் உக்கார மாட்டேன்.

அதுக்கு நடுவுல ஒருநாள் பழனி சவாரி. வயசான புருசன் பொண்டாட்டி. நல்ல உச்சி வெயிலு. கண்ணாடிய ஏத்தி ஏசியப் போட்டேன். ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள அந்தம்மா முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு, "நிறுத்துப்பா, குடலப் புரட்டுது"ன்னு சொல்லிருச்சு. ஓரங்கட்டினேன். அந்தம்மா புளியமரத்தடியில போய் உக்காந்துருச்சு. நான் வண்டிக்குள்ள தலைய விட்டு மோந்து பாத்தேன். அதே வாடை. கொஞ்சங்கூடக் குறையல.

அன்னிக்கு அவ கால எடுத்துப் பதினோரு நாள்.

அந்தப் பெரியவரு வந்து தோளத் தொட்டு, "போலாமா தம்பி"ன்னாரு. போலாம்னேன். கண்ணாடிய இறக்கிட்டுப் பழனி போய் வந்தேன்.

மறுநாள் பால்தாஸ்கிட்டக் கொண்டு போனேன். ஏசி வேலை மட்டுந்தான் பாப்பாரு, தனி ஆளு, வாயி கொஞ்சம் ஜாஸ்தி. விஷயத்தச் சொன்னேன், பவுனப் பத்திச் சொல்லல, வண்டிய மட்டும் சொன்னேன். அவரு ஒரே ஒரு கேள்விதான் சார் கேட்டாரு. "ஏசி போட்டா மட்டும் வருதா, போடாமக் கண்ணாடிய ஏத்தி வச்சாலும் வருதா?"

நாலு மாசமா எனக்கு நானே கேட்டுக்காத கேள்வி. அவ இருந்தா ஏசியும் கிடையாது, கண்ணாடியும் திறந்திருக்கும். அவ இல்லாட்டி ஏசி. ஏசி இல்லாமக் கண்ணாடிய ஏத்தி வச்சு, அவள உக்கார வச்சு, ஒரு நாள் பாத்திருந்தாப் போதும். ஒரு நாளு.

இந்தா, உங்க முழங்காலுக்கு எதிர்ல ஒரு டப்பா இருக்குல்ல, அதக் கழட்டினாரு. அதுக்குப் பின்னாடிதான் காத்தாடி இருக்கு. அதையும் கழட்டிட்டு ஒரு கம்பிய வளைச்சு உள்ள விட்டாரு. சகதி மாதிரி வந்துச்சு. டீ வடிகட்டுன தூளு மாதிரி, கருப்பா, சொத சொதன்னு. அதுக்கு வந்த வாடையில அவரே முகத்தத் திருப்பிக்கிட்டாரு. தண்ணி வெளிய போற குழாய இது அடைச்சிருச்சாம். ஏசியில வடியற தண்ணி உள்ளயே நின்னு, அதுல ஊறி ஊறி அழுகியிருக்கு.

அவரு கம்பிய இழுக்க இழுக்க நூலா வருது சார். முதல்ல மஞ்சள். நிறைய மஞ்சள். அப்புறம் ஒரு சிவப்பு. அதுக்கப்புறம் மயில் கழுத்துப் பச்சை, அது மாசி மாசம் தறிக்காரரு கொடுத்தது. பூ மக்கிப் போச்சு, நூல் மக்கல. கலர் கூட வெளுக்கல. ஒவ்வொரு முடிச்சும் அப்படியே இருந்துச்சு. அவ முடிச்சு எனக்குத் தெரியும், ரெண்டு சுத்து சுத்தி இழுப்பா.

"யாருங்க இத உள்ள போட்டது"ன்னாரு. காத்துல வந்து விழுந்திருக்கும்னேன். "காத்து நூல்ல வேற கட்டுமா?" அப்படின்னு கேட்டுட்டு அவரே சிரிச்சாரு. "சாமி பூவா? வைப்பர் கீழ வச்சீங்களா? அங்கதாங்க ஏசிக்குக் காத்து போற வழி இருக்கு. பாதி டாக்சி இப்படித்தான் வருது எங்கிட்ட." அதையெல்லாம் வாரி டின்னுல போடப் போனாரு. சாமி பூ, குப்பையில போடாதீங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். ஒரு கவர்ல போட்டுக் கொடுத்தாரு.

அந்தக் கவர முன் சீட்டுல வச்சுக்கிட்டு ஆத்துப் பாலம் வரைக்கும் போனேன். கண்ணாடிய ஏத்தித்தான் வச்சிருந்தேன். அவ்வளவு வாடையில ஏன் ஏத்தி வச்சுக்கிட்டுப் போனேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. பாலத்துல நிறுத்தி ஆத்துல போட்டேன். ஆத்துல தண்ணி இல்ல. மணல்ல விழுந்துச்சு. ஒரு நூல் மட்டும் கவர்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மஞ்சள். அது எங்கிட்ட இருக்கு. அத வச்சு என்ன பண்றதுன்னு தெரியாம வச்சிருக்கேன்.

வாடை ஏதும் வருதா சார்? இல்ல, நீங்க மூக்கத் தேச்சீங்க, அதான் கேட்டேன்.

ஆவணி பொறந்ததும் அவள வீட்டுக்கு அனுப்பினாங்க. நான் காலையிலயே வண்டியக் கழுவி, நாலு கண்ணாடியையும் ஏத்தி, அவ வர்றதுக்கு முன்னாடியே ஏசியப் போட்டு வச்சிருந்தேன். வண்டிக்குள்ள ஒரு வாடையும் கிடையாது, புது வண்டி மாதிரி இருந்துச்சு. அந்தப் பிளாஸ்டிக் தாளத் தூக்கிப் போட்டுட்டேன். அவள இன்னிக்கு முன் சீட்டுல உக்கார வைக்கணும், எல்லாத்தையும் சொல்லிடணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் சார் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். பவுனு, அது உன் கால் இல்ல, பூவுன்னு. இவ்வளவுதான் சொல்லணும். நாலு வார்த்தை.

அவ தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிச்சுக் கூட்டியாந்தோம். நான் முன்கதவத் திறந்தேன். அவ, "பின்னாடியே உக்காந்துக்கிறேன், எனக்கு அதான் பழக்கம்"னா. உக்காந்தா. கால் வைக்கிற இடத்தப் பாத்தா, தாள் இல்ல. தம்பி முன்னாடி ஏறல, பஸ்ஸுல வர்றேன்னு போயிட்டான், அவனுக்கு எம் மேல கோவம். நாங்க ரெண்டு பேருந்தான்.

வண்டிய எடுத்தேன். அவ உடனே கைய நீட்டிக் கண்ணாடிய இறக்கினா. நான் கேக்காமயே. ஏத்திக்க பவுனு, ஏசி ஓடுதுன்னேன். அவ முன்னாடி இருக்குற கண்ணாடியில என்னையப் பாத்தா. மூச்ச நல்லா உள்ள இழுத்தா. ரெண்டு தடவ இழுத்தா.

"இப்ப வாடை இல்லேல்ல?"ன்னு கேட்டா.

இல்லன்னேன்.

"கால் போனதும் போயிருச்சு"ன்னா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு சார். இத்தனை மாசத்துல அன்னிக்குத்தான் அவ மூஞ்சியில அப்படி ஒரு தெளிச்சியப் பாத்தேன். "உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டேன். குருநாதன் சாருகிட்டச் சொல்லுங்க, இனிமே வண்டி நல்லா இருக்குன்னு"ன்னா. சொல்லிட்டு, கண்ணாடிய அவளே ஏத்துனா. சீட்டுல தலையச் சாச்சு, "ஜில்லுன்னு இருக்குங்க"ன்னு கண்ண மூடிக்கிட்டா.

சின்னாளபட்டிக்குத் திரும்பற இடம் வந்துச்சு. நான் திரும்பல. நேரா விட்டு, அம்பாத்துறை வரைக்கும் போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். அவ கேட்டதுதானே. அவ தூங்கிட்டா, சுத்துனது அவளுக்குத் தெரியாது.

இப்ப மூணு மாசமாச்சு. சொன்னா என்ன ஆகும், கால் வருமான்னு நினைப்பேன். அப்புறம், சொல்லாட்டி என்ன ஆகும்னும் நினைப்பேன். இந்தப் பூ இன்னிக்கு அவ கட்டுனதுதான். உக்காந்த மேனிக்கு ரெண்டு முழம் கட்டிக் கொடுத்தா. ஒண்ணு போதும் பவுனுன்னு சொன்னேன், "இருக்கட்டும், கால் இல்லேன்னா என்ன, வண்டிக்கு வாசம் வேணும்ல"ன்னா. வாங்கிட்டு வந்துட்டேன்.

இந்தா, ரெண்டு கிலோமீட்டர் கல்லு வந்துருச்சு. குளிர அணைச்சிடறேன் சார். காத்து மட்டும் ஓடட்டும். நீங்க வேணும்னா கண்ணாடிய இறக்கிக்கங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

அவள வீட்டுக்குக் கூட்டியாந்த அன்னிக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லல சார்.